கல்லும் பாசியும்: பழனி மலைக் கற்திட்டைகளும் செண்பகனூர் ஆய்வு மரபும்

ஆய்வுச்சுருக்கம்
பழனி மலையின் பெருங்கற்காலச் சின்னங்களும் பாசித் தாவரங்களும் செண்பகனூர் இயேசு சபைத் துறவியரால் ஆராயப்பெற்றன. எனினும் அவ்வாய்வுகள் இருவேறு துறைகளுக்கு உரியனவாகவே நின்றுவிட்டன. ஐரோப்பியத் தோட்டங்களில் செயற்கை இடிபாடு அமைத்துப் பாசி வளர்க்கும் மரபோடு ஒப்பிட்டு, இவ்விரண்டையும் இணைத்து நோக்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கற்திட்டை, பாசி, கொடைக்கானல், செண்பகனூர், செயற்கை இடிபாடு

முன்னுரை
பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், இல்லாத பழமையைத் தோட்டத்தில் கட்டி எழுப்புதல் செல்வர்தம் வழக்கமாயிற்று. இங்கிலாந்தின் ஹேக்லி பூங்காவில் சாண்டர்சன் மில்லர் இடிந்த கோட்டை ஒன்றைப் புதிதாகவே கட்டினார். வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்தில் 1778இல் உரோமானிய இடிபாடு ஒன்று எழுந்தது. இம்மரபின் சிற்றுருவே இன்று வீட்டுத் தோட்டங்களில் அமைக்கப்பெறும் சிறு மண்டபங்களும் முறிந்த தூண்களும். மோரில் பாசியை அரைத்துக் கல்லின்மேல் பூசி, நிழலில் வைத்து, ஈரம் காத்து அவற்றுக்கு முதுமைத் தோற்றம் ஊட்டுவர்.

குள்ளர் வீடுகள்
கொடைக்கானலில் 1863இல் லெவிஞ்சு ஏரியை உருவாக்கினார். 1908இல் பிரையண்ட் பூங்கா திட்டமிடப்பெற்றது. ஐரோப்பியர் தம் நாட்டு நிலக்காட்சியை இவ்வாறு படைத்த மலையில், உண்மையான தொல்லெச்சங்கள் முன்னரே நின்றிருந்தன. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி மூடுகல் வைத்த கற்திட்டைகளே அவை. தமிழகத்தில் இத்தகைய சின்னங்களைக் குள்ளர் வீடு, பாண்டவர் வீடு, வாலியர் வீடு எனப் பலவாறு மக்கள் வழங்குவர். ஈமச்சின்னத்தைச் சிற்றுருவ மனிதரின் இல்லமாகக் கண்ட நாட்டார் நோக்கு இப்பெயர்களில் புலனாகிறது. தோட்டத்து இடிபாடு பெரியதைச் சிறிதாக்குகிறது. நாட்டார் மரபோ சிறியதற்குப் பொருந்தும் மாந்தரைக் கற்பிக்கிறது.

செண்பகனூரின் இரு ஆய்வுகள்
1895இல் நிறுவப்பெற்ற செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியைச் சார்ந்த ஆங்லாட், நியூட்டன் ஆகியோரின் பழனி மலைக் கற்திட்டைகள் பற்றிய நூல் 1928இல் இந்தியத் தொல்லியல் துறையின் 36ஆவது நினைவேடாக வெளிவந்தது. பின்னர்த் தாண்டிக்குடியில் கா. ராஜன் குழுவினர் மேற்கொண்ட அகழாய்வு இம்மலையின் பெருங்கற்காலப் பண்பாட்டைப் பற்றிய அறிவை விரிவாக்கியது.

அதே செண்பகனூரில் ஃபோரோ என்னும் துறவி பாசிகளைத் திரட்டினார். அவர் பெயரால் டிக்சனும் பொத்தியே த லா வார்த்தும் ஒரு பாசிப் பேரினத்திற்கு ஃபோரோயெல்லா எனப் பெயரிட்டனர். பழனி மலைப் பாசிகள் குறித்த அவரது கட்டுரை 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்விதழில் வெளிவந்தது.

பாசி காலச்சான்று ஆகுமா?
தமிழில் பாசி என்னும் ஒரே சொல் குளத்து நீர்ப்பாசியையும் பாறைப்பாசியையும் குறிக்கும். பின்னதற்கு உண்மையான வேர் இல்லை. மெல்லிய வேரிழைகளால் கல்லைப் பற்றிக்கொண்டு, நீரை இலைப்பரப்பின் வழியே நேரடியாக உறிஞ்சும். எனவே அதன் செழிப்பைத் தீர்மானிப்பவை ஈரமும் நிழலும் கல்லின் தன்மையுமே. கல் நிறுத்தப்பட்ட காலமன்று. உரிய ஈரநிலையில் புதிய கல்லிலும் பாசி படரும் என்பதற்குத் தோட்டக்கலையே சான்று. வெயில்படும் பாறையில் நிற்கும் தொன்மையான கற்திட்டை பாசியின்றியும் இருக்கலாம். ஆகவே பசுமையைக் கொண்டு பழமையைக் கணித்தல் பிழையாகும்.

பாதுகாப்பிலும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டினால் கல்லின் மேற்பரப்பும் அதிலுள்ள உளித்தடங்களும் சிதையும். அப்படியே விட்டால் ஈரம் கல்லில் தேங்கும். எவ்வினப் பாசி, எத்திசையில், எக்கல்லில் படர்ந்துள்ளது என்பதைப் பதிவுசெய்யாமல் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்தல் முறையன்று.

முடிவுரை
செயற்கை இடிபாடு சிதைந்தால் மீண்டும் கட்டலாம்; பெயர்க்கப்பட்ட கற்திட்டையை மீட்டெடுக்க இயலாது. மூடுகல்லை இழந்தும் புதையல் தேடுவோரால் தோண்டப்பெற்றும் தமிழகத்துப் பெருங்கற்சின்னங்கள் பல அழிந்துவரும் நிலையில், 1928ஆம் ஆண்டுப் பதிவையும் 1961ஆம் ஆண்டுப் பதிவையும் அருகருகே வைத்துக் களத்தில் மறுஆய்வு செய்தல் வேண்டும். ஒரே வளாகத்தில் தோன்றிய இரு அறிவுமரபுகளும் ஒரே கல்லின்மேல் சந்திக்கும் ஆய்வாக அது அமையும்.