ஸ்க்ரியாபின் வீட்டு விளக்கு வளையம்

பாட்டுக்கு ஏற்றபடி கண்சிமிட்டும் எல்.ஈ.டி. விளக்குகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்ன மைக், ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு எல்.ஈ.டி. ஸ்ட்ரிப், கொஞ்சம் சால்டரிங்... ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் புரோகிராம் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். எந்தச் சத்தத்துக்கு எந்த நிறம்?

இந்தக் கேள்விக்கு வயது முந்நூறு! 1704-ல் நியூட்டன் தன் 'ஆப்டிக்ஸ்' நூலில் வானவில்லை ஏழாகப் பிரித்து, அதை இசையின் ஏழு சுரங்களோடு பொருத்திக் காட்டினார். அதைப் பார்த்து உற்சாகமானவர் (பிறகு நியூட்டனோடு முரண்பட்டவரும் கூட) லூயி பெர்த்ராங் கஸ்தேல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். கண்ணுக்கான ஹார்ப்சிகார்ட் ஒன்றை 1725-ல் அறிவித்தார். கட்டையை அழுத்தினால் சுரத்தோடு நிறமும் தெரிய வேண்டும். காது கேளாதவரும் இசையைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. வெளிச்சத்துக்கு இருந்ததோ மெழுகுவர்த்தி! முப்பது வருடம் மல்லுக்கட்டியும் நினைத்தபடி அமையாமலே 1757-ல் இறந்து போனார்.

மின்விளக்கு வந்த பிறகு லண்டனில் ரிமிங்டன் என்ற ஓவியர் 1895-ல் 'கலர் ஆர்கன்' காட்டினார். ஆனாலும் இந்தக் கதையின் நாயகன் ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் ஸ்க்ரியாபின்தான்.

அவருக்கு சி என்றால் சிவப்பு, ஜி என்றால் ஆரஞ்சு, டி என்றால் மஞ்சள். இன்னொரு ரஷ்ய மேதை ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கும் இசை நிறமாகத் தெரிந்தது. ஆனால் அவருக்கு சி மேஜர் வெள்ளை! டி மேஜர் மஞ்சள் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். இருவரும் பாரிஸில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ரக்மானினோவ் நம்ப மறுத்தாராம். 'உன் ஓபராவில் கஞ்சன் தங்கப் பெட்டிகளைத் திறக்கும் காட்சிக்கு நீயே டி மேஜர்தானே வைத்திருக்கிறாய்?' என்று மடக்கிவிட்டார்கள். இந்தச் சம்பவம் ரக்மானினோவின் நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது.

1910-ல் ஸ்க்ரியாபின் 'ப்ரொமிதியஸ்: நெருப்பின் கவிதை' எழுதி முடித்தார். அதன் இசைக்குறிப்பில், மற்ற வாத்தியங்களுக்கெல்லாம் மேலே, முதல் வரியாக 'லூச்சே' என்று இருக்கும். ஒளி என்று அர்த்தம். வயலினுக்கு எழுதுவது போல வெளிச்சத்துக்கும் சுரம் எழுதியிருக்கிறார்! அதில் இரண்டு குரல்கள். ஒன்று இசையின் ஒவ்வொரு நகர்வோடும் வேகமாக மாறும். இன்னொன்று மெதுவாக, நிமிடக்கணக்கில் ஒரே நிறத்தில் நிற்கும். அரங்கம் முழுக்க நிறத்தில் மூழ்க வேண்டும் என்பது அவர் கனவு.

1911 மார்ச்சில் மாஸ்கோவில் முதல் நிகழ்ச்சி. பியானோவில் ஸ்க்ரியாபினே உட்கார்ந்தார். விளக்குதான் இல்லை, அந்த வரி வாசிக்கப்படாமலே போனது. கடைசியில் 1915 மார்ச் 20-ம் தேதி, நியூயார்க் கார்னகி ஹாலில், 'க்ரோமோலா' என்ற கருவியின் நிற வெளிச்சத்தோடு அரங்கேறியது. அரங்கம் மூழ்கவில்லை, ஒரு திரையில் மட்டும் நிறங்கள் மாறின. அதைக்கூட அவர் பார்க்கவில்லை. அவர் இருந்தது ரஷ்யாவில். ஐந்தே வாரத்தில், ஏப்ரல் 27 அன்று, உதட்டில் வந்த ஒரு சின்னக் கட்டி விஷமாகி இறந்துவிட்டார். வயது 43.

அப்படியானால் அவர் தன் நிறங்களைப் பார்க்கவே இல்லையா? பார்த்தார், வீட்டில்! அவர் நண்பர் அலெக்சாண்டர் மோசர் மின்பொறியியல் தெரிந்தவர். வட்டமான ஒரு மரப்பலகையில் 12 நிற பல்புகளைப் பொருத்திக் கொடுத்தார். பெரிய அரங்கத்தில் நடக்காதது மாஸ்கோவில் ஒரு வீட்டு அறையில் நடந்தது.

நம் எல்.ஈ.டி. விளக்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இன்றைய சர்க்யூட்டுக்கு சுரம் எதுவென்று அக்கறை இல்லை. 1965-ல் கூலியும் டூகியும் வெளியிட்ட வேகமான கணக்கு முறையை வைத்துச் சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, எந்தப் பகுதி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். கீழ்ச்சத்தத்துக்குச் சிவப்பு, மேல்சத்தத்துக்கு நீலம் என்பதெல்லாம் புரோகிராம் எழுதுபவரின் இஷ்டம். ஒரு எண்ணை மாற்றினால் நிறமும் மாறிவிடும். ஸ்க்ரியாபினிடம் அப்படி ஒரு எண்ணை மாற்றச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்!

அவர் கடைசியாக வாழ்ந்த வீடு 1922 முதல் அருங்காட்சியகம். அந்தப் பலகை அங்கேதான் இருக்கிறது. அதில் மைக் கிடையாது. இசை கேட்கும்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சுவிட்சைப் போட வேண்டும்.