குண்டு பல்பிலிருந்து எல்இடி வரை

இந்திய வீடுகளில் நெடுங்காலம் எரிந்தது 60 வாட் குண்டு பல்பு. வாங்க மலிவு, ஆனால் இழுத்த மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வெப்பமாகவே வீணானது. அடுத்து வந்த சிஎஃப்எல் மின்சாரத்தை மிச்சப்படுத்தினாலும், பல்பு உடைந்தால் உள்ளிருந்த பாதரசம் கேடு விளைவித்தது.

எல்இடிக்குத் தடையாக நின்றது விலைதான். எல்இடி பல்புகளை மலிவாக வழங்க 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் அதைத் தகர்த்தது. அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கியதால், 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. மானியமில்லாமல் இது நடந்ததே பெரிய சாதனை.

குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் எல்இடி நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால், ஆண்டுக்குச் சுமார் 93 யூனிட் மிச்சமாகும். இத்திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வழங்கப்பட்டன.