பிறப்புப் பதிவேட்டின் முத்திரை: தத்துப்பிள்ளையின் அறியும் உரிமையும் ஈன்ற தாயின் மந்தணமும்

முன்னுரை

மணிமேகலையின் பதின்மூன்றாம் காதை ஆபுத்திரன் வரலாற்றைக் கூறுவது. வாரணாசியினின்று குமரியாட வந்த சாலி, வழியில் ஈன்ற மகவைத் தோட்டமொன்றில் விட்டுச் செல்கிறாள். ஏழு நாள் ஆவொன்று பாலூட்டிக் காத்த அக்குழந்தையை இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்க்கிறான். பின்னாளில் வேள்விப் பசுவை விடுவித்தமையால் எழுந்த பூசலில், சாலியை முன்பு கண்டிருந்த அந்தணன் ஒருவன் அவள் வாய்மொழியாக அறிந்த செய்தியைப் பலரறிய எடுத்துரைக்கிறான். வளர்த்த தந்தையும் கைவிட, ஆபுத்திரன் தக்கண மதுரைக்குச் செல்கிறான்.

இந்நிகழ்ச்சியில் பிறப்பின் மறைபொருளை வெளியிட்டவள் தாயல்லள். அதனை வினவியவன் மகனும் அல்லன். தொடர்பற்ற மூன்றாமவன் ஒருவன் அதனை இழிவுரைக்குக் கருவியாக்கினான். ஊரார் அறியாதவாறு காத்தல், பிறந்தவனே அறியாதவாறு மறைத்தல் என மந்தணம் இருவகைப்படும் என்பதை இக்காதையால் உணரலாம். இருபதாம் நூற்றாண்டின் தத்தெடுப்புச் சட்டங்கள் முதல்வகை மந்தணத்தை நாடித் தொடங்கி, காலப்போக்கில் இரண்டாம் வகைக்குள் சென்று சேர்ந்தன. இம்மாற்றம் நிகழ்ந்தவாற்றையும், அதனைத் திருத்த மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும், இந்திய நிலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மறைவில்லாத் தத்து

இந்து மரபின் தத்தக முறையில் இச்சிக்கல் பெரும்பாலும் எழவில்லை. கொடுத்தலும் கொள்ளுதலும் பலர் முன்னிலையில் நிகழும் சடங்காகவே தத்து அமைந்திருந்தது. பிள்ளை பெரும்பாலும் உறவினர் குடும்பத்திலிருந்தே வந்தது. இன்னார் மகன் இன்னார்க்குத் தத்துப் போனான் என்பதை ஊர் அறிந்திருப்பதே சொத்துரிமைக்கும் நீர்க்கடனுக்கும் சான்றாயிற்று. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டமும் கொடுத்தல், கொள்ளுதல் என்னும் செயலையே தத்தின் உயிர்நிலையாகக் கொள்கிறது. மணமாகாத தாயர், அனாதை இல்லம், முன்பின் அறியாத வளர்ப்புப் பெற்றோர் ஆகிய மூன்றும் ஒருங்கு சேர்ந்த இடத்திலேயே பிறப்புப் பதிவேட்டிற்கு முத்திரையிடும் தேவை தோன்றியது எனலாம்.

இங்கிலாந்துச் சட்டத்தின் போக்கு

இங்கிலாந்திலும் வேல்சிலும் தத்தெடுப்பு முதன்முதலாக 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பிசைவு பெற்றது. அச்சட்டம் தத்துப்பிள்ளைகளுக்கெனத் தனிப்பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. அதனையும் மூலப் பிறப்புப் பதிவேட்டையும் இணைக்கும் குறிப்பு தலைமைப் பதிவாளரிடம் இருந்தது; நீதிமன்ற ஆணையின்றி அதனை எவரும் காண இயலாது. எனினும் தொடக்கத்தில் ஈன்ற தாயும் வளர்ப்போரும் ஒருவர் பெயரை மற்றவர் அறியும் வாய்ப்பு இருந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வளர்ப்போர் தம் பெயரை மறைத்து, வரிசை எண்ணால் மட்டும் விண்ணப்பிக்க இடமளித்தது.

இதனை நுணுகி நோக்குதல் வேண்டும். வரிசை எண் முறை காத்தது தாயின் பெயரையன்று. தாயிடமிருந்து வளர்ப்போரின் பெயரைக் காத்தது. பிள்ளையைத் தேடித் தாய் வந்துவிடுவாளோ என்னும் அச்சமே அதற்கு அடிப்படை. தாயின் அந்தரங்கத்தைக் காக்கவே பதிவேடுகள் மூடப்பட்டன என்று பிற்காலத்தில் எழுந்த வாதம் இவ்வரலாற்றோடு முற்றிலும் பொருந்தவில்லை.

அண்டை நாடான ஸ்காட்லாந்து வேறு வழியில் சென்றது. 1930ஆம் ஆண்டின் சட்டப்படியே 17 வயது நிரம்பிய தத்துப்பிள்ளை தன் மூலப் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம். ஒரே முடியாட்சியின்கீழ் எல்லைக்கோட்டின் இருபுறமும் இருவேறு நெறிகள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நிலவின. இவ்வேறுபாடு ஆய்வாளர்க்கு அரியதோர் ஒப்பீட்டுக் களமாயிற்று. எடின்பரோவில் தம் பதிவை நாடிவந்தோரை ஆராய்ந்த ஜான் டிரிசிலியோட்டிஸ் 1973இல் தம் நூலை வெளியிட்டார். பழிவாங்கவோ பொருள் கேட்கவோ அன்றித் தம்மைத் தாமே முழுமையாக அறியவே பெரும்பாலோர் வந்தனர் என்பது அவ்வாய்வால் புலனாயிற்று. 1972இல் அறிக்கையளித்த ஹௌட்டன் குழு இங்கிலாந்திலும் பதிவேட்டைத் திறக்கப் பரிந்துரைத்தது.

அதன் பயனாக எழுந்த 1975ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் 18 வயது நிரம்பிய தத்துப்பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவைக் காணும் உரிமையை வழங்கியது. உரிய பிரிவு 1976 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவ்வுரிமை முற்காலத் தத்துகளுக்கும் பொருந்தியமையே கடும் விவாதத்திற்குக் காரணமாயிற்று. பிள்ளை தம்மைத் தேடி வாராது என்று நம்பிக் கொடுத்த தாயர் பலர் அப்போது வேறு மணம் புரிந்து, கணவரும் அறியாத நிலையில் வாழ்ந்திருந்தனர். அவர்தம் அச்சத்தை மதித்து, சட்டம் ஓர் இடைவழியை வகுத்தது. 1975 நவம்பர் 12ஆம் நாளுக்கு முன் தத்துக்கொடுக்கப்பட்டோர் பதிவைப் பெறுமுன் ஆற்றுப்படுத்துநர் ஒருவரைச் சந்தித்தே ஆகவேண்டும் என்பது அது. நாளிதழ்கள் அஞ்சியவாறு தாயர் வீட்டு வாயில்களில் பெருங்கலக்கம் நேரவில்லை.

ஆயினும் அவ்வுரிமை வரம்பற்றதன்று. கொலைக்குற்றம் புரிந்து காப்பு மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்த ஒருவர் தம் பதிவைக் கோரியபோது, தாயின் உயிருக்கு இடர் நேரலாம் என்பதால் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் அதனை மறுத்தது. விதி திறப்பதற்கே; மூடுதல் இடர் கண்ட இடத்தில் மட்டும் என்பதே இத்தீர்ப்பின் உட்கிடை.

அமெரிக்காவும் பிரான்சும்

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1917இல் தத்தெடுப்பு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வையினின்று விலக்கியது. அயலாரைத் தடுப்பதே அதன் நோக்கம். உரியவர்க்கு அவை மூடப்படவில்லை. ஏனைய மாநிலங்கள் பலவும் 1930களுக்குப் பின்னரே படிப்படியாகத் தத்துப்பிள்ளைக்கும் கதவடைத்தன. கான்சாசும் அலாஸ்காவும் மட்டும் ஒருபோதும் மூடவில்லை. ஓரிகன் மக்கள் 1998இல் வாக்களித்துப் பதிவேட்டைத் திறந்தனர். பெயர் வெளியிடப்படாத தாயர் சிலர் தொடுத்த வழக்கால் தடைப்பட்ட அச்சட்டம் 2000 மே மாத இறுதியில் நடைமுறைக்கு வந்தது. தாய் தன்னைச் சந்திக்க விழைகிறாளா, இல்லையா என்பதைத் தெரிவிக்கும் விருப்பப் படிவம் அதனோடு சேர்க்கப்பட்டது. அறிதல் வேறு, அணுகுதல் வேறு என்னும் தெளிவு இதனால் சட்டத்துள் இடம்பெற்றது. அயர்லாந்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழியையே பின்பற்றுகிறது.

பிரான்சு இதற்கு மறுதலையான மரபுடையது. குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே சென்றுவிடும் தொட்டிற்பெட்டிகளுக்கு நெப்போலியனின் 1811ஆம் ஆண்டு ஆணை சட்ட இசைவு தந்தது. தாய் தன் பெயரை மறைத்தே மருத்துவமனையில் ஈனலாம் என்னும் ஏற்பாடு 1941இல் வலுப்பெற்று, 1993இல் உரிமையியல் தொகுப்பிலும் இடம்பெற்றது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் இசைவை நாடும் தேசிய மன்றம் ஒன்றை நிறுவியதே தவிர, அவள் மறுப்பை மீற இடந்தரவில்லை. 2003 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 10க்கு 7 என்னும் பெரும்பான்மையில் இம்முறையை ஏற்றது. தாயும் சேயும் மருத்துவக் காப்பின்றி மடிவதைத் தடுப்பதே பிரெஞ்சுச் சட்டத்தின் வாதம். அவ்வாதத்தை எளிதில் ஒதுக்குதல் இயலாது. எனினும் தாயின் மறுப்புக்கு முன் பிள்ளையின் உரிமை அறவே செயலற்றுப் போகிறது என எழுவரும் சுட்டிய குறையும் வலியதே.

இந்திய நிலை

அயல்நாட்டார் இந்தியக் குழந்தைகளைத் தத்தெடுப்பதில் நேர்ந்த முறைகேடுகள் குறித்து இலட்சுமி காந்த் பாண்டே தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. ஈன்றோரும் வளர்ப்போரும் ஒருவரையொருவர் அறியலாகாது என்றும், வழக்கு மூடிய அறையில் நிகழ வேண்டும் என்றும் நீதிபதி பகவதி வகுத்தார். முதிர்ச்சி எய்திய பிள்ளை தன் ஈன்றோரைப் பற்றி அறிய விரும்பின் பெரிய மறுப்பு இருக்கத் தேவையில்லை எனவும் அத்தீர்ப்பு கூறிற்று. ஆயின் அதனைக் கூறுவதும் கூறாததும் வளர்ப்புப் பெற்றோரின் விருப்பத்திற்கே விடப்பட்டது. அறிதல் பிள்ளையின் உரிமையாக இன்னும் உருப்பெறவில்லை.

இந்தியா 1992இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும், 2003இல் உறுதிசெய்த ஹேக் ஒப்பந்தமும் நிலைமையை மாற்றின. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழி வந்த 2017ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் ‘வேர் தேடல்’ என்பதற்கு நெறி வகுத்தன. 18 வயது நிரம்பியோர் தாமே விண்ணப்பிக்கலாம். இளையோர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஒப்படைக்கும்போது பெயர் மறைக்க வேண்டிய பெற்றோரின் எழுத்து வழி இசைவு பெறப்பட வேண்டும். அவர்கள் மறுத்தாலும், கண்டறிய முடியாவிடினும், பிள்ளை ஒப்படைக்கப்பட்ட காரணமும் சூழலும் கூறப்பட வேண்டும். மூன்றாமவர் தேடுதல் ஒப்பப்படவில்லை. ஆபுத்திரன் கதையின் அந்தணனுக்கு இந்நெறியில் இடமில்லை என்பது கருதத்தக்கது. 2022இல் இவற்றிற்கு மாற்றாக வந்த ஒழுங்குமுறைகளும் வேர் தேடலை ஏற்கின்றன.

இந்நெறி பதிவு உள்ளவர்க்கே பயன்தரும். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டத்தில் தாய் தன் பெயரைக் கூறாமலே குழந்தையை விட்டுச் செல்லலாம். பெயர் கேட்டிருப்பின் பல குழந்தைகள் தொட்டிலை எட்டியே இரா. உயிர் காத்த அம்மறைவே, வளர்ந்த பின் எழும் வினாவிற்கு விடையில்லாமலும் செய்தது. அங்குத் திறப்பதற்குக் கதவே இல்லை.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பதிவேட்டின் முத்திரை முதலில் அயலாரை விலக்கவே இடப்பட்டது; பிள்ளையை விலக்கியது பின்னர் நேர்ந்த விரிவாக்கம். திறந்த நாடுகளின் பட்டறிவு, தாயின் அமைதியையும் பிள்ளையின் அறிவையும் ஒருசேரக் காக்க இயலும் எனக் காட்டுகிறது. அறிதலையும் அணுகுதலையும் பிரித்தலே அதற்கு வழி. தாய் பெயர் கூற மறுக்கும் இடத்தும், பிறந்த நாள், ஊர், நலக்குறிப்பு, விட்ட சூழல் ஆகியவற்றைக் குறித்துக் காத்தல் இயலும். இன்று மரபணுச் சோதனையால் முத்திரையிட்ட பல மறைபொருள்கள் சட்டத்தின் துணையின்றியே வெளிப்படுகின்றன. ஆற்றுப்படுத்துநரோ இசைவோ இன்றி அவ்வாறு வெளிப்படுவது இருசாரார்க்கும் நலமன்று. ஆதலின், அச்செய்தி பிறர் வாய்ப்படாமல், உரியவன் கைக்கு உரிய முறையில் சேருமாறு செய்வதே சட்டத்தின் கடனாகும்.