ஒற்றை நாற்று நடவும் அதைக் கைவிட்ட உழவரும்: ஏற்பை எப்படி அளப்பது?

நெல் சாகுபடியில் புதுமுறை ஒன்று ஊரில் நிலைக்காமல் போனால், விரிவாக்கத் துறையின் அறிக்கைகளில் தவறாமல் தலைகாட்டும் சொல் 'விழிப்புணர்வின்மை'. இந்தப் பழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதை பரவிய விதத்தை ஆராய்ந்து 1943-ல் வெளிவந்த ஆய்வும், அதன் வழியில் எவரெட் ரோஜர்ஸ் 1962-ல் எழுதிய நூலும், புதுமையை முந்தி ஏற்பவர் தொடங்கிப் பின்தங்கியவர் வரை உழவரை வகை பிரித்துக் கொடுத்தன. விதைக்கு அந்த வகைப்பாடு பொருந்தும். கடைக்குப் போனவர் வாங்கினாரா இல்லையா என்று கேட்டால் போதும். சாகுபடி முறையை அப்படி வாங்கி வர முடியாது. பருவம் தவறாமல், பல பேருடைய கைகளால், ஒவ்வொரு போகத்திலும் அதைப் புதிதாகச் செய்தாக வேண்டும். அந்த முறையைக் கைவிடுகிறவரின் காரணத்தை அவருடைய மனத்தில் தேடுவதைவிட, வேலையும் கூலியும் தண்ணீரும் எந்த வாரத்தில் வந்து சேருகின்றன என்பதில் தேடுவதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம். செம்மை நெல் சாகுபடி என்று நாம் அழைக்கும் எஸ்.ஆர்.ஐ. முறையின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

பிரெஞ்சு இயேசு சபைத் துறவியான ஆன்றி தெ லொலானியே 1961-ல் மடகாஸ்கருக்குப் போனவர். 1983-ல் மழை சரியாக வராத ஒரு பருவத்தில், அவ்வூர் வழக்கத்துக்கு மாறாகச் சுமார் 15 நாள் நாற்றை நட வேண்டிவந்தது. எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இம்முறை: இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. சதுர இடைவெளி, தேங்க விடாத பாசனம், உருளைக் களைக்கருவி, மக்கிய எரு. 1990-ல் டெஃபி சைனா என்ற அமைப்பு இதைப் பரப்பும் வேலையை எடுத்துக்கொண்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் வழியாகச் செய்தி ஆசியாவுக்கு வந்தது. அதன்பின் விளைச்சல் கணக்கைப் பற்றி அறிவியல் இதழ்களில் நடந்த சண்டையில் இரு தரப்பும் செலவிட்ட மை அதிகம். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. விளைச்சல் கூடியதைக் கண்ணால் கண்ட உழவரே ஏன் விட்டார் என்பதுதான் சுவையான கேள்வி.

மடகாஸ்கர் கிராமங்களில் ஆய்வு செய்த கிறிஸ்டீன் மோசரும் கிறிஸ்டோஃபர் பாரெட்டும் 2003-ல் வெளியிட்ட கட்டுரை இக்கேள்வியை நேராகச் சந்தித்தது. முறையைச் செய்து பார்த்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் பிறகு விட்டுவிட்டார்கள். விதை மிச்சம், உரச்செலவு இல்லை, மகசூல் அதிகம். அப்படியிருந்தும் விட்டார்கள். அங்கே நடவுக் காலமும் குதிரில் நெல் தீர்ந்துபோகும் காலமும் ஒன்றாக வருகின்றன. சிறு உழவர் அந்த வாரங்களில் பிறர் வயலில் கூலிக்குப் போய் அன்றன்றைக்கு அரிசி வாங்கிச் சாப்பிடுகிறார். செம்மை முறையோ அதே வாரங்களில்தான் அவரைச் சொந்த வயலில் கூடுதலாக நிற்கச் சொல்கிறது. ஐந்து மாதம் கழித்து வரும் கூடுதல் மூட்டை இன்றைய உலைக்கு உதவாது. பணச்செலவு இல்லாத தொழில்நுட்பம் ஏழைக்கு உகந்தது என்ற எளிய நம்பிக்கை இங்கே உடைகிறது. அவரிடம் இருந்த ஒரே முதல் உழைப்பு. அதையும் முன்பே விற்றுவிட்டிருந்தார். பாரெட் குழுவினரின் 2004 ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கூடுதல் விளைச்சலில் சுமார் பாதி, முறையைவிட அதைக் கையாண்ட உழவரின் திறனால் வந்தது. முந்தி ஏற்றவர்கள் முன்பே கெட்டிக்கார உழவர்களாக இருந்தால், அவர்களுடைய மகசூலைக் காட்டி மற்றவர்களை இடித்துரைப்பது நியாயமில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. முடிச்சு விழுந்த இடம் ஒன்றுதான். 2003-04-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 உழவர் வயல்களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வழக்கமான நடவில் எக்டருக்குச் சராசரி 5.7 டன்னும் புது முறையில் 7.2 டன்னும் கிடைத்தன. ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்பதை நம்பாமல் சிரித்தவர்கள்கூடக் கதிரைப் பார்த்து வாயடைத்தார்கள். ஆனால் நடவை நடுவது நில உடைமையாளர் இல்லையே! அது பெண்களின் குழு வேலை. பல ஊர்களில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி இறங்குகிறார்கள். நாலைந்து நாற்றை ஒரே பிடியாகக் கிள்ளி, பின்னோக்கி நகர்ந்தபடி ஊன்றுகிற கைகளுக்கு வேகம்தான் வருமானம். புது முறையிலோ 22.5 செ.மீ.க்கு அடையாளமிட்ட கயிற்றைப் பிடித்து, பாய் நாற்றங்காலிலிருந்து சேற்றோடு பெயர்த்த விரல்நீள நாற்றை, வேர் மடங்காமல் ஒவ்வொன்றாக மேலாக வைக்க வேண்டும். கை பழகிவிட்டால் வேகம் வரும் என்பது உண்மை. பழகும் வரைக்கும் குறைகிற கூலியை யார் ஈடுகட்டுவது? பயிற்சி முகாமுக்குப் பட்டாதாரரை அழைத்தார்கள். நடவாளை எத்தனை ஊரில் அழைத்தார்கள்?

களையெடுப்பிலும் இதே கதை. கையால் களை பறித்தவர்கள் பெண்கள். கோனோவீடர் எனும் உருளைக் களைக்கருவியை முன்னும் பின்னும் தள்ளும் வேலை பெரும்பாலும் ஆண்களுக்குப் போனது. பெண்களுக்கு நாள்கூலி போயிற்று. உழவருக்குக் கூடுதல் ஆண்கூலி சேர்ந்தது. தண்ணீரை எடுத்துக்கொண்டால், 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொல்வது எளிது. முறைத்தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடைக்காரர், கிடைக்கும்போதே வரப்பு முட்டக் கட்டி வைப்பதில் என்ன மடமை? பம்புசெட் மின்சாரம் இலவசமாக இருக்கும் ஊரில் தண்ணீரை மிச்சம் பிடிப்பவருக்குக் கைக்கு வருவது ஒன்றுமில்லை. டெல்டாவின் சம்பா வயலில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் 14 நாள் நாற்று தண்ணீருக்குள் மூழ்கியே போகும். முதிர்ந்த நாற்று தலைநீட்டித் தப்பும். அங்கே பழைய முறையே புத்திசாலித்தனம்.

எதிர்த்திசையில் ஒரு சான்று வியட்நாமில் இருக்கிறது. 1994-ல் மெக்கோங் டெல்டாவின் லாங் ஆன் மாகாணத்தில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் உள்ளூர்த் துறையினரோடு சேர்ந்து ஒரே ஒரு விதியைப் பரப்பினார்கள்: விதைத்த முதல் 40 நாளைக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தெளிப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. விதியைப் பரப்பப் பயன்பட்ட வானொலி நாடகங்கள் நன்றாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த விதி உழவரிடம் கேட்டது வேலையையோ பணத்தையோ அல்ல, இரண்டையும் மிச்சப்படுத்துவதை. நம் டெல்டாவில் அறுவடை இயந்திரமும் நேரடி விதைப்பும் பரவ முழக்கங்கள் தேவைப்படாததும் இதனால்தான். ஆள் கிடைக்காத பருவத்தில் அவை ஆளைக் குறைத்தன.

ஆகவே 'ஏற்றார்', 'ஏற்கவில்லை' என்ற இரண்டு கட்டங்களோடு வரும் கணக்கெடுப்புப் படிவம் பெரிதாக எதையும் சொல்லாது. எத்தனை நாள் நாற்று, குத்துக்கு எத்தனை, களைக்கருவி எத்தனை தடவை, எந்த வயலில் என்று கேட்டால் வேறொரு படம் கிடைக்கும். ஒற்றை நாற்றை விட்டுவிட்டு இரண்டு நாற்றாக நடுகிறவர், மேட்டுவயலில் மட்டும் காயப்போடுகிறவர், இயந்திர நடவுக்காகப் பாய் நாற்றங்காலை வைத்துக்கொண்டவர் எல்லாரும் இன்றைய படிவத்தில் 'கைவிட்டவர்' பத்தியில்தான் விழுவார்கள். என் கணிப்பில் தம் நிலத்துக்கேற்ப முறையைத் திருத்தி அமைத்தவர்கள் அவர்கள்தாம்.

இந்த வேறுபாடு இப்போது பணத்தோடும் தொடர்புடையதாகிவிட்டது. வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும் என்பதால், கார்பன் வரவாக அதை விற்கும் திட்டங்கள் ஆசிய நெல் நாடுகளில் முளைத்து வருகின்றன. அளவீடும் சரிபார்ப்பும் முடிந்த பிறகே தொகை வரும். அதுவும் வயலைப் பதிவு செய்தவர் பெயருக்கு வரும். வயல் காய்ந்தால் களை கூடும். களைக்கூலியை அந்த வாரமே, அந்த மாலையே கொடுத்தாக வேண்டும். திட்டம் வகுப்பவர்கள் முன்பணமாக ஒரு பகுதியை நடவுக்கும் களையெடுப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் கொடுக்கவும், குத்தகைதாரருக்கும் களையெடுப்பவருக்கும் அதில் பங்கு எழுதவும் ஒத்துக்கொள்கிறார்களா என்பதைப் பொறுத்தே, மடகாஸ்கரில் கண்ட கைவிடல் விகிதம் இங்கும் திரும்புமா என்பது தெரியவரும்.