மிஸ் லா லா: ஓவியமும் உண்மைப் பெயரும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்து இளைஞர்க்கு, உடல் உழைப்பால் ஐரோப்பாவையே அண்ணாந்து பார்க்கச் செய்த பெண்மணி ஒருவரின் வரலாற்றைக் கூற விழைகிறோம். அவர் உருவத்தை அறிந்தோர் பலர். பெயரை அறிந்தோர் சிலரே.

பாரிசு நகரின் மோன்மார்த்ர் பகுதியில் ஃபெர்னாந்தோ சர்க்கஸ் என்றோர் அரங்கம் இருந்தது. 1879 சனவரியில் ஓவியர் எட்கார் டெகா அங்குப் பன்முறை சென்று, ‘மிஸ் லா லா’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட கருப்பினக் கலைஞரைக் கண்டு குறிப்புப் படங்கள் வரைந்தார். கயிற்றின் நுனியிலுள்ள பிடியைப் பற்களால் கவ்வியபடியே அவர் கூரையின் உச்சிவரை தூக்கப்படுவார். உடலின் எடை முழுவதையும் தாடையும் கழுத்துமே தாங்கும். டெகா அவ்வாண்டே தீட்டிய ஓவியத்தில் வலையும் இல்லை, கூட்டமும் இல்லை. செம்மஞ்சள் சுவரும் கூரையின் பச்சை வளைவுகளுமே அவரைச் சூழ்ந்துள்ளன.

அவரது மற்றொரு வித்தை இதனினும் கடியது. முழங்கால்களை ஊஞ்சற்கம்பியில் மடித்துத் தலைகீழாகத் தொங்கியபடி, சங்கிலியில் பிணைத்த பீரங்கியைப் பற்களால் தாங்குவார். அந்நிலையிலேயே பீரங்கி வெடிக்கப்படும்!

இத்துணை ஆற்றல் போதாதென்றோ என்னவோ, விளம்பரம் எழுதியோர் அவர் நிறத்தையும் விற்றனர். ‘ஆப்பிரிக்க இளவரசி’ என்றனர். ‘வெப்ப மண்டலத்து வீனஸ்’ என்றனர். பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்து அப்போது 31 ஆண்டுகளே ஆகியிருந்தன. உண்மையில் அவர் 1858-இல் பிரஷ்யாவின் ஸ்டெட்டின் நகரில் பிறந்தவர். தந்தை கருப்பினத்தவர், தாய் வெள்ளையர். அன்னா ஆல்பெர்டினா ஓல்கா பிரவுன் என்பதே அவர் பெயர். கைரா என்னும் வெள்ளைப் பெண்ணுடன் இணைந்து ‘இரு வண்ணத்துப்பூச்சிகள்’ என்ற பெயரில் பல காலம் ஆடினார். 1888-இல் கைரா இறந்தார். அவ்வாண்டே ஓல்கா, அமெரிக்கக் கருப்பினக் கலைஞர் மானுவல் உட்சனை மணந்தார்.

டெகா அவருக்கு நீதி செய்தாரா? மானே 1863-இல் தீட்டிய ‘ஒலிம்பியா’வில் பூங்கொத்து ஏந்தி நிற்கும் கருப்பினப் பெண், பணிப்பெண்ணாகவே காட்டப்பட்டார். டெகாவின் பெண்ணோ எவருக்கும் பணி செய்யவில்லை. தம் தொழிலின் உச்சத்தில் இருக்கிறார். மேடைப் பெயரேனும் ஓவியத்தின் தலைப்பில் இடம்பெற்றது. இதனைச் சிறிய மதிப்பென்று நாம் கருதவில்லை. ஆயினும் முகம் மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது. அவரை அடையாளம் காண இயலாது.

இலண்டன் தேசிய ஓவியக் கூடம் 1925-இல் இவ்வோவியத்தை வாங்கியபோது ஓல்கா உயிருடன் இருந்தார். 1945-இல் மறைந்தார். 2024-ஆம் ஆண்டில் அக்கூடம் அவருக்கென்றே ஒரு கண்காட்சி அமைத்தது. அன்னா ஆல்பெர்டினா ஓல்கா பிரவுன் என்னும் முழுப் பெயருடன், அவருடைய நிழற்படங்களும் ஓவியத்தோடு வைக்கப்பட்டன. அவற்றில் முகம் தெரிகிறது.