பழைய டெஸ்க்டாப்பில் வைஃபை வருமா? புது கம்ப்யூட்டர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்ன?

வீட்டுக்கு பைபர் இணைப்பு வந்துவிட்டது. எல்லோருடைய செல்போனிலும் வைஃபை வேலை செய்கிறது. ஆனால், பத்து வருடத்துக்கு முன் வாங்கிய டெஸ்க்டாப்பில் மட்டும் வைஃபை அடையாளமே தெரிவதில்லை. "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, இனிமே புதுசுதான் வாங்கணும்" என்ற முடிவுக்குப் பலரும் வருவது இந்த இடத்தில்தான்.

உண்மையில், பெரும்பாலான பழைய டெஸ்க்டாப்களில் இல்லாதது ஒரு சிறிய கருவி மட்டுமே. சில நூறு ரூபாயில் அதைச் சேர்த்துவிடலாம். ஆனால் வைஃபை கிடைத்துவிட்டால் மட்டும், பேங்க் வேலை முதல் வேலைவாய்ப்பு விண்ணப்பம் வரை அந்தக் கம்ப்யூட்டரில் செய்துவிடலாமா? இரண்டையும் இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

பழைய டெஸ்க்டாப்பில் வைஃபை ஏன் இல்லை?

வைஃபை என்பது ரேடியோ அலை. ரவுட்டர் அனுப்பும் அலையைப் பிடிக்கவும், பதில் அனுப்பவும் கம்ப்யூட்டரில் வைஃபை அடாப்டர் என்ற கருவி இருக்க வேண்டும். செல்போனிலும் லேப்டாப்பிலும் இது உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் ஒரே இடத்தில் இருக்கும் பொருள் என்பதால், கேபிள் செருகும் லேன் போர்ட் மட்டும் வைத்து விற்கப்பட்டவை ஏராளம்.

உங்கள் கம்ப்யூட்டரில் அடாப்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 10-ல் ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறக்க வேண்டும். அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் 'வயர்லெஸ்' அல்லது 'வைஃபை' என்ற பெயர் இருந்தால் கருவி உள்ளே இருக்கிறது. 'அதர் டிவைசஸ்' என்ற இடத்தில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறியுடன் நெட்வொர்க் கருவி எதுவும் தெரிந்தால், கருவி இருந்தும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லாமல் இருக்கலாம். இந்த நிலையில் செலவே இல்லாமல் பிரச்னை தீர வாய்ப்பு உண்டு.

எத்தனை வழிகள் இருக்கின்றன?

1. லேன் கேபிள்: ரவுட்டர் அதே அறையில் இருந்தால் வைஃபையே தேவையில்லை. ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு லேன் கேபிள் போட்டால் போதும். வேகமும் குறையாது, இணைப்பும் விட்டு விட்டு வராது. 100 மீட்டர் வரை இந்தக் கேபிளை இழுக்கலாம்.

2. யூஎஸ்பி வைஃபை அடாப்டர்: பென் டிரைவ் போல இருக்கும். யூஎஸ்பி போர்ட்டில் செருகினால் போதும், கேபினெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே எளிது.

3. உள்ளே பொருத்தும் வைஃபை கார்டு: மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். கேபினெட்டின் பின்பக்கம் ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், மிகச் சிறிய யூஎஸ்பி அடாப்டரைவிட சிக்னல் பொதுவாக நன்றாக இருக்கும்.

4. செல்போன்: எதுவுமே வாங்காமல் இன்றே சோதித்துப் பார்க்கும் வழி இது. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டருடன் இணைத்து, செட்டிங்ஸில் 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்ய வேண்டும். பல போன்களில், போன் பிடித்திருக்கும் வைஃபையே கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கும் போய்விடும். போன் வைஃபையில் இல்லாவிட்டால் மொபைல் டேட்டா செலவாகும் என்பதை மறக்க வேண்டாம்.

கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும், உள்ளூர் கம்ப்யூட்டர் கடையாக இருந்தாலும், வெறுமனே "டாங்கிள் குடுங்க" என்று கேட்டால் சிம் கார்டு போடும் டேட்டா டாங்கிளையும் எடுத்துக் கொடுக்கலாம். அது வேறு. "டெஸ்க்டாப்புக்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர்" என்று கேளுங்கள்.

அடுத்து, 'டூயல் பேண்ட்' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. 2.4 சுவர் தாண்டி தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் சுவர்கள் குறுக்கே வந்தால் சீக்கிரம் பலவீனமாகிவிடும். விலை மலிவான அடாப்டர்களில் பல 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். அட்டைப்பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டிருந்தாலும் நடைமுறையில் அதில் பாதிகூட கிடைக்காமல் போகலாம். இமெயில், ஆன்லைன் விண்ணப்பம் போன்றவற்றுக்கு அது போதும்.

எந்த விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறது என்பதையும் பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

இணைப்பது எப்படி?

அடாப்டரைச் செருகியதும் விண்டோஸ் 10 பெரும்பாலும் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். இல்லையென்றால் டிரைவர் போட வேண்டும். சில அடாப்டர்களுடன் சிடி வரும், ஆனால் பழைய கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் வேலை செய்யாமல் இருக்கலாம். அப்போது யூஎஸ்பி டெதரிங் மூலம் நெட் எடுத்து, அடாப்டர் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்தே டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். வேறு தளங்களில் இறக்கினால், டிரைவரோடு வைரஸும் சேர்ந்து வரலாம்.

பிறகு திரையின் கீழே வலது ஓரத்தில் இருக்கும் நெட்வொர்க் அடையாளத்தை கிளிக் செய்து, உங்கள் வைஃபை பெயரைத் தேர்வு செய்து, பாஸ்வேர்டு கொடுத்தால் வேலை முடிந்தது. பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை என்றால், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

"கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா நெட் வரல" - என்ன செய்வது?

சிக்னல் குறைவு: கேபினெட்டின் பின்னால் செருகினால் இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அடாப்டர் மாட்டிக்கொள்ளும். ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி அடாப்டரை மேஜை மீது வைத்தால் வித்தியாசம் தெரியும்.

வைஃபை பெயரே தெரியவில்லை: அடாப்டர் 2.4 மட்டும் பிடிப்பதாக இருந்து, ரவுட்டரில் 5 மட்டும் ஆன் ஆகியிருக்கலாம். ரவுட்டரில் 2.4-ஐயும் ஆன் செய்ய வேண்டும்.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் இணையவில்லை: ரவுட்டர் பாதுகாப்பு 'டபிள்யூபிஏ 3' மட்டும் என்று இருந்தால் பழைய கருவிகளால் இணைய முடியாது. 'டபிள்யூபிஏ 2' உம் சேர்ந்த முறைக்கு மாற்றுங்கள். இதற்காக பாஸ்வேர்டையே எடுத்துவிட்டு வைஃபையைத் திறந்து வைக்கக் கூடாது.

எல்லா இணையதளமும் பிழை காட்டுகிறது: கம்ப்யூட்டரில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துபோனால், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் துண்டிக்கப்படும்போதெல்லாம் தேதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. தேதியைச் சரிசெய்து, பேட்டரியை மாற்றினால் போதும். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் இருப்பது சிஆர் 2032 வகை பேட்டரி.

வைஃபை வந்துவிட்டது, இனி பேங்க் வேலை செய்யலாமா?

இங்குதான் கவனம் தேவை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ம் தேதியுடனும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியுடனும் மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க இலவச அப்டேட் வழக்கம்போல வராது. விண்டோஸ் 7-ல் குரோம் பிரவுசரும் 109-வது பதிப்போடு நின்றுவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் வைஃபையில் இணையாமல் இருந்தவரை இது பெரிய பிரச்னையாக இருந்திருக்காது. சில நூறு ரூபாய் அடாப்டரைச் செருகிய நிமிடத்தில் இருந்து ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. எனவே ஆதரவு முடிந்த விண்டோஸில் நெட் பேங்கிங், கார்டு எண், ஆதார் விவரங்களைக் கையாளாமல் இருப்பதே நல்லது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட் பக்கத்தில், கூடுதல் காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தரும் இஎஸ்யூ திட்டத்தில் சேர வழி காட்டுகிறதா என்று பார்க்கலாம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை என்பதால் பல பழைய கம்ப்யூட்டர்களில் அது முறைப்படி ஏறாது. இன்னொரு வழி, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம். அதை பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை அடாப்டர் வேலை செய்கிறதா என்று உறுதி செய்த பிறகு நிறுவலாம். நிறுவும் முன் போட்டோ, ஆவணங்களை வேறு டிரைவில் எடுத்து வைப்பது அவசியம்.

அப்படியானால் புதிது வாங்க வேண்டியது எப்போது?

டைப்பிங், பிள்ளைகளின் பாடம், வீடியோ பார்ப்பது என்றால் அடாப்டரும் புதுப்பித்த இயங்குதளமும் போதும். பணப் பரிவர்த்தனையும் அலுவலக வேலையும் அதில்தான் செய்தாக வேண்டும், ஆனால் அப்டேட் வரும் இயங்குதளம் எதுவும் அதில் ஏறவில்லை என்றால் மட்டுமே புதிய கம்ப்யூட்டர் பற்றி யோசிக்கலாம். வைஃபை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பழையதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.