மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் தமிழ்: தொகுப்பி அதை எங்கே வைக்கிறது?

செய்நிரல் ஒன்றில் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுதப்படும் எழுத்துத் தொடரை மாறிலிச் சரம் என்கிறோம். ‘உங்கள் கடவுச்சொல் தவறானது’ என்று திரையில் வரும் வரி, பெரும்பாலும் யாரோ ஒருவர் இப்படி மேற்கோளுக்குள் எழுதி வைத்தது தான். செய்நிரல் ஓடும்போது கணக்குகள் மாறும், பெயர்கள் மாறும், இந்த வரி மாறாது. நாம் எழுதும் மூலத்தை இயந்திரம் ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றித் தருவது தொகுப்பி. பேச்சு வழக்கில் கம்பைலர். இந்த மாறாத வரிகளை அது எப்படிப் படிக்கிறது, எங்கே சேமிக்கிறது என்பதைப் பாடப்புத்தகங்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு அது போதும். தமிழில் வேலை செய்பவருக்குப் போதாது என்பது என் கருத்து.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1957இல் ஐ.பி.எம் வெளியிட்ட போர்ட்ரான் மொழியில் மேற்கோள் குறி கிடையாது. எத்தனை எழுத்துகள் என்று முதலில் எண்ணைப் போட்டு, பின்னர் ‘எச்’ என்ற எழுத்தை எழுதி, அதன் பின் சரத்தை எழுத வேண்டும். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தரவு கணித்த ஹெர்மன் ஹொலரித்தின் பெயரின் முதல் எழுத்து அது. எண்ணுவது செய்நிரலரின் வேலை. ஒன்று கூட எண்ணிவிட்டால் அடுத்து வரும் காற்புள்ளியும் சரத்தின் உள்ளே போய்விடும்.

பிறகு வந்த மொழிகள் எண்ணும் வேலையைத் தொகுப்பியிடம் கொடுத்தன. எண்ணியதை எங்கே குறித்து வைப்பது என்பதில் தான் வழிகள் பிரிந்தன. பி.சி.பி.எல் மொழி சரத்தின் முதல் பைற்றில் நீளத்தை எழுதியது. பஸ்கால் மொழியின் பிரபல வடிவங்களும் அப்படியே செய்தன. ஒரு பைற்றில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 255. ஆகவே சரமும் 255 பைற்றுகளைத் தாண்ட முடியாது. பி.சி.பி.எல் வழியில் பிறந்த பி மொழியும், அதிலிருந்து பிறந்த சி மொழியும் நீளத்தைக் குறிப்பதையே விட்டுவிட்டு, சரத்தின் முடிவில் ஓர் அடையாளத்தை வைத்தன. சி மொழியில் அது பூச்சியப் பைற்று. நீள வரம்பைத் தவிர்ப்பது ஒரு காரணம், நீளத்தைப் பராமரிப்பதை விட முடிவுக் குறி வசதியாக இருந்தது மற்றையது என்று சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சி பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இனி தொகுப்பியின் உள்ளே போவோம். மூலக் கோப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கும் பகுதி மேற்கோள் குறியைக் கண்டதும் சரம் தொடங்குகிறது என்று அறிகிறது. அடுத்த மேற்கோள் வரை எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது. நடுவில் பின்சாய்கோடு வந்தால் மட்டும் நின்று, அடுத்த எழுத்தைப் பார்க்கிறது. அது ‘என்’ என்றால் புதிய வரி, ‘ஏ’ என்றால் மணியோசை, இப்படி ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத எழுத்து வந்தால் பொதுவாக எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு, பின்சாய்கோட்டை எறிந்துவிடும்.

இந்தப் பட்டியல் பற்றிய அழகான அவதானிப்பு ஒன்று கென் தொம்சனுடையது. 1984இல் வெளியான தனது டியூரிங் விருது உரையில் அவர் இதைக் காட்டினார். சி தொகுப்பியே சி மொழியில் எழுதப்பட்டது. அதற்குப் புதிதாகச் செங்குத்துத் தாவலைக் கற்பிக்க வேண்டுமானால் முதல் தடவை 11 என்ற எண்ணை நேரடியாக எழுதியாக வேண்டும். ஒருமுறை தொகுத்த பின்னர் அந்த எண்ணை மூலத்திலிருந்து அழித்துவிட்டு, குறியை மட்டும் எழுதலாம். அதன் பிறகு 11 என்பது மூலத்தின் எந்த வரியிலும் இல்லை. தொகுப்பி தன் முந்தைய பிரதியிடமிருந்து அதை அறிந்துகொள்கிறது. மூலத்தில் தெரியாத அறிவு தொகுப்பியில் ஒளிந்திருக்க முடியும் என்ற அச்சமூட்டும் வாதத்துக்கு அவர் இங்கிருந்து தான் நகர்ந்தார்.

பின்சாய்கோட்டால் எங்களவர்களுக்கு வந்த தொல்லை வேறு வகையானது. யுனிகோட் பரவும் முன்னர் இலங்கையில் தமிழ் தட்டச்சு என்றால் பெரும்பாலும் பாமினி எழுத்துரு. அது ஆங்கில விசைகளின் குறியீடுகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியது. கணினிக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் தான். பாமினியில் ‘ஷ’வுக்குக் கிடைத்த இடம் பின்சாய்கோடு. ‘ய’வுக்குக் கிடைத்தது ஆங்கிலச் சிறிய ‘ஏ’. இப்போது ‘விஷயம்’ என்ற சொல்லை ஒரு சி செய்நிரலில் மேற்கோளுக்குள் போட்டுப் பாருங்கள். ‘ஷய’ என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்து தொகுப்பிக்கு மணியோசைக் கட்டளையாகத் தெரியும். திரையில் மிஞ்சுவது ‘விம்’. பாத்திரம் கழுவலாம், செய்தி சொல்ல முடியாது. ‘புஷ்பா’வில் பின்சாய்கோட்டைத் தொடர்வது பட்டியலில் இல்லாத குறி. அதனால் ‘ஷ’ தொலைந்து புள்ளி அநாதையாக நிற்கும். இதற்கு மருந்து ஒவ்வொரு ‘ஷ’வையும் இரண்டு தடவை அடிப்பது. பழைய செய்நிரல்களைத் திருத்தப் போகிறவர்கள் இரட்டைப் பின்சாய்கோடுகளைக் கண்டால் அவசரப்பட்டு ஒன்றை அழித்துவிட வேண்டாம். யப்பானியர்களும் ஷிப்ட்-ஜிஸ் குறியேற்றத்தில் சில எழுத்துகளின் இரண்டாவது பைற்று பின்சாய்கோடாக அமைந்ததால் இதே தொல்லையை அனுபவித்தார்கள்.

படித்து முடித்த சரத்தைத் தொகுப்பி ஓர் அட்டவணையில் இடுகிறது. பைற்றுகளைக் கலந்து ஒரு சுருக்க எண் கணித்து, அதே சரம் ஏற்கனவே இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் பழையதையே பயன்படுத்தலாம். நூறு இடங்களில் ‘நன்றி’ என்று எழுதினாலும் கோப்பில் ஒரு ‘நன்றி’ போதும். பின்னர் பல கோப்புகளை ஒன்றாக்கும் இணைப்பி இன்னும் ஒரு படி போகிறது. ‘யாழ்ப்பாணம்’ என்ற சரமும் ‘பாணம்’ என்ற சரமும் ஒரே செய்நிரலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யூ.ரி.எப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைற்று. முதலாவதில் 11 குறிகள், 33 பைற்று, முடிவுப் பூச்சியத்துடன் 34. இரண்டாவதற்கு 16. தனித்தனியாக வைத்தால் 50 வேண்டும். ஆனால் ‘பாணம்’ என்பது ‘யாழ்ப்பாணம்’ என்பதன் வால். ஆகவே நீண்ட சரத்தின் 19ஆவது பைற்றைச் சுட்டினால் போதும், 34 பைற்றில் இரண்டும் முடிந்துவிடும். தலையில் இந்த வித்தை செல்லாது. ‘யாழ்’ என்ற சரத்துக்கு உடனே பின்னால் ஒரு பூச்சியம் வேண்டும், அங்கே ‘ப்’ நிற்கிறது.

பகிர்ந்து வைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: யாரும் அதில் கை வைக்கக் கூடாது. ஓரிடத்தில் மாற்றினால் நூறு இடத்திலும் மாறிவிடும். அதனால் இச்சரங்கள் கோப்பில் வாசிக்க மட்டும் அனுமதியுள்ள பகுதியில் வைக்கப்படுகின்றன. அங்கே எழுத முயலும் செய்நிரலை இயங்குதளம் பொதுவாக உடனே நிறுத்திவிடும். ஆரம்பகால சி செய்நிரல்கள் சில தம் மாறிலிச் சரங்களையே திருத்தி எழுதின. அவற்றுக்காக ஜி.சி.சி தொகுப்பி நெடுங்காலம் ஒரு சலுகைத் தெரிவை வைத்திருந்து, 4.0 பதிப்பில் நீக்கியது.

ஜாவாவில் ஒவ்வொரு வகுப்புக் கோப்பிலும் மாறிலிகளுக்கென ஒரு தொகுதி உண்டு. அதில் ஒரு சரத்தின் நீளத்தைக் குறிக்க 2 பைற்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உச்ச வரம்பு 65,535 பைற்று. ஆங்கிலத்தில் அத்தனை எழுத்துகள் எழுதலாம். தமிழில் 21,845 குறிகளுடன் கதை முடிந்தது. அதுவும் குறிகள் தான், நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. ‘தமிழ்’ என்பதில் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. நீண்ட தமிழ் உரையை மேற்கோளுக்குள் ஒட்டி, ‘மாறிலித் தொகுதிக்கு மிக நீளம்’ என்ற பிழைச் செய்தி வாங்குபவர்கள் காரணம் புரியாமல் விழிப்பது இதனால் தான். அத்தகைய உரையைத் தனிக் கோப்பில் வைத்து, ஓடும்போது வாசிப்பதே சரியான வழி.

ஜாவாவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஒரு வகுப்பில் மாறாதது என்று அறிவித்த சரத்தை வேறு வகுப்பு பயன்படுத்தினால், தொகுப்பி அதைப் பிரதியெடுத்து அந்த வகுப்புக்குள்ளேயே வைத்துவிடும். அவசர அழைப்பு இலக்கம் மாறிவிட்டது என்று முதல் வகுப்பை மட்டும் திருத்தித் தொகுத்தால், மற்ற வகுப்புகள் பழைய இலக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் மீண்டும் தொகுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தரும் சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. தொகுப்பி ஒப்பிடுவது பைற்றுகளை, வடிவங்களை அல்ல. ‘கொ’ என்பதை ‘க’வுடன் ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தொகுப்பிக்கு ‘கொழும்பு’ இரண்டு வெவ்வேறு சரங்கள். ஒன்றை விசைப்பலகையிலும் மற்றதை வேறோர் ஆவணத்திலிருந்து ஒட்டியும் எழுதினால், மாவட்டப் பட்டியலில் தேடும்போது கொழும்பு காணாமல் போகும். இதற்காவது யுனிகோட்டின் இயல்பாக்க விதிகள் உதவும். ‘ஸ்ரீ’க்கு அதுவும் இல்லை. 2005இல் யுனிகோட் 4.1இல் ‘ஶ’ என்ற எழுத்து சேர்க்கப்படும் வரை அது ‘ஸ’வில் தொடங்கி எழுதப்பட்டது. அதன் பின் ‘ஶ’வில் தொடங்குவதே பரிந்துரை. இரண்டும் பல எழுத்துருக்களில் ஒன்றாகவே தெரியும். ஆனால் இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்காது. நாட்டின் பெயரிலும் ஆயிரக்கணக்கானோரின் பெயர்களிலும் இந்த எழுத்து இருக்கிறது. ஆகவே செய்நிரலர் இரண்டு வடிவங்களையும் தானே கையாள வேண்டும்.

கடைசியாக ஒரு பாதுகாப்பு விடயம். மாறிலிச் சரங்கள் தொகுத்த கோப்பில் வழமையாக அப்படியே, மறைப்பின்றிக் கிடக்கின்றன. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மேற்கோளுக்குள் எழுதினால், கோப்பு கையில் கிடைக்கும் எவரும் அதைப் படிக்கலாம். யுனிக்ஸ் வழிக் கணினிகளில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ என்ற சிறு கருவி இதற்கென்றே இருக்கிறது. குறைந்தது நான்கு எழுத்துகள் தொடர்ந்து வரும் இடங்களையெல்லாம் அது பட்டியலிடும். ஆனால் அதன் வழக்கமான தேடல் ஆங்கில எழுத்துகளுக்கானது, யூ.ரி.எப்-8 தமிழ் வரிகளை அது காட்டாமல் தாண்டிப் போகலாம். தமிழ் வரிகள் பட்டியலில் வரவில்லை என்பதால் கோப்பில் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பதினாறடிமான எண்களாகக் கோப்பைத் திறந்து பார்த்தால், ‘ஈ0’ என்று மீண்டும் மீண்டும் தொடங்கும் மூன்று மூன்று பைற்றுகளாக அவை அங்கே இருக்கும்.